அம்மாவின் ஈரலும் அந்த மெழுகுத் துண்டும்

அம்மாவின் பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்துப் பத்து மாதம்கூட ஆகவில்லை, ஈரலில் நாலு இடத்தில் தெரிகிறது என்று ஸ்கான் ரிப்போர்ட் வந்தது. பெரியது 5 சென்ரிமீட்டர். அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கனடாவில் இருக்கிற மாமா விடியும்வரை வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்: "யிற்றியம் எண்டு ஒரு சிகிச்சை இருக்காம் பிள்ளை, நேரா ஈரலுக்கே அனுப்பலாமாம், உடன கேளுங்கோ."

கேட்டேன். டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நல்ல ஈரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடலிலிருந்து வரும் நாளத்தால்தான் கிடைக்கிறது, ஆனால் கட்டிகள் பெரும்பாலும் ஈரல் நாடியிலிருந்து ரத்தத்தை இழுக்கின்றன. அந்த நாடிக்குள் மெல்லிய குழாயை விட்டு, யிற்றியம்-90 ஏற்றிய நுண்மணிகளை அனுப்பினால் அவை கட்டிக்குள் போய்ச் சிக்கி, அங்கேயே கதிர்வீசும். சரி, அதையே செய்யலாமே என்றேன். முதலில் தொடங்கும் கீமோவோடேயே இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவு 2017இல் வந்தது, ஈரலில் கட்டி அடங்கினாலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை, அதனால் இதைப் பின்னால் தேவைப்பட்டால் எடுக்கலாம் என்றார். ஊசி விட்டுச் சூட்டால் பொசுக்குவது 3 சென்ரிமீட்டருக்குள் இருந்தால்தான் நன்றாகப் பலிக்கும். வெட்டி எடுக்க, மிச்சம் வைக்க ஆரோக்கியமான ஈரல் போதாது, முதலில் கட்டி சுருங்க வேண்டும்.

ஆக மருந்துதான். எந்த மருந்து என்பதில்தான் எனக்கு நித்திரை போனது.

செற்றுக்சிமாப் என்ற மருந்து புற்றுநோய்க் கலத்தின் மேலுள்ள ஒரு சுவிச்சை மூடுகிறது. ஆனால் உள்ளே ராஸ் என்ற மரபணு மாறியிருந்தால், சுவிச்சை அணைத்தும் வயர் நேரே தொடுத்திருக்கிற லைட் மாதிரி அது எரிந்துகொண்டேதான் இருக்கும். பெருங்குடல் புற்றுநோய்க்காரரில் பாதிப்பேருக்குக் கிட்ட இந்த மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு இந்த மருந்தால் பயனில்லை, சிலருக்குக் கெடுதல்கூட. கட்டி குடலின் இடப்பக்கம் தொடங்கியதா வலப்பக்கமா என்பதும் முக்கியம், இடப்பக்கம் என்றால் நன்றாகக் கேட்கும். அம்மாவுக்கு இடப்பக்கம். மரபணுதான் தெரியாது.

அந்தச் சோதனையை முதல் ஒப்பரேஷனோடேயே செய்யலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்னும் மனம் வேகிறது. வெட்டிய துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளொக் என்பார்கள். அதை வாங்க அந்த ஆய்வுகூடத்துக்கு நாலு தரம் அலைந்தேன். ஒருநாள் கையெழுத்துப் போட ஆளில்லை, ஒருநாள் பதிவுப் புத்தகத்தில் இலக்கம் பிழை. கடைசியில் கையில் தந்தார்கள்: தீப்பெட்டியிலும் சின்ன பிளாஸ்டிக் சட்டம், வெள்ளை மெழுகு, நடுவில் கபில நிறத்தில் நகமளவு ஒன்று. ஓரத்தில் பென்சிலால் அம்மாவின் இலக்கம். வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்ற பயத்தில், காலி வீதியில் ஓட்டோவுக்குள் இருந்தபடி கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு போனேன்.

முடிவு வர 16 நாள். "இவ்வளவு நாளும் சும்மா இருந்தா அது பெருக்காதோ பிள்ளை?" என்று அம்மா ஒவ்வொரு காலையும் கேட்டா. டொக்டர் சும்மா இருக்கவில்லை, கீமோவைத் தொடங்கிவிட்டார், மற்ற மருந்தை முடிவு வந்ததும் சேர்க்கலாம் என்றார். இதை முதலே அறிந்திருந்தால் அந்தப் பதற்றத்தில் பாதி இருந்திருக்காது. உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வந்தால் முதல் நாளே கேளுங்கள்: பிளொக் எங்கே இருக்கிறது, ராஸ் பார்த்தாச்சா, பிராஃப் என்ற இன்னொரு மரபணுவைப் பார்த்தாச்சா, எம்எஸ்ஐ (கட்டியின் கலங்கள் டிஎன்ஏ பிழைகளைத் திருத்த முடியாமல் இருக்கின்றனவா என்ற சோதனை) பார்த்தாச்சா. எம்எஸ்ஐ கூடியிருந்தால் வழியே வேறு, அவர்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டிக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது.

அம்மாவுக்கு ராஸ் மாறவில்லை. செற்றுக்சிமாப் ஏறத் தொடங்கி இரண்டாம் கிழமையே மூக்கைச் சுற்றியும் நெற்றியிலும் பரு மாதிரிப் போட்டது, இந்த மருந்துக்கு அது வழமை. வெயில் பட்டால் கூடும் என்பதால் இப்போது விடியற்காலையில் மட்டும் பல்கனியில் இருக்கிறா, மணமில்லாத கிறீமை நான்தான் பூசிவிடுகிறேன். வருகிற 22ஆம் திகதி ஸ்கான். ஈரல் சத்திர சிகிச்சை நிபுணரும் அன்று படத்தைப் பார்ப்பார். "அவரிட்ட வெட்டேலுமோ எண்டு நானே கேக்கிறன், நீ கதைக்காத" என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டா.