சொட்டு நீலம்

ஜூன் 9
வலது கண்ணுக்குப் புரை அறுவை 19ஆம் தேதி. என்ன விலையில் லென்ஸ் வைப்பது என்று மகன் போனில் கேட்கிறான், கார் வாங்குகிற மாதிரி.

ஜூன் 12
மேட்டூர் திறந்தாயிற்று. கல்லணை வழியாகக் கும்பகோணம் வர நாலைந்து நாளாகும். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக மணலை நக்கிக்கொண்டு வரும். பகவத் படித்துறையில் உட்கார்ந்து எத்தனை வருடம் வரைந்திருப்பேன்!

ஜூன் 13
கோபால்ட் நீலம் மறுபடியும் தீர்ந்துவிட்டது.

ஜூன் 14
கண்ணுக்குள் லென்ஸ் பழுத்துவிட்டதாம். நீலம்தான் முதலில் மங்குமாம். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பரண் மேலிருந்து பழைய தாள்களை இறக்கினேன். 2009இல் வரைந்த வானத்தில் பாதி வெறும் தாள். நீர்வண்ணத்தில் அந்த வெள்ளையை விட்டுவைக்கத்தான் கல்லூரியில் படாதபாடு பட்டுக் கற்றேன். போன வருட வானத்தில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கண்ணில் படாத நீலத்தை மேலே மேலே பூசியிருக்கிறேனோ? பிரெஞ்சு ஓவியர் மோனேக்கும் புரைதான், 1923இல் அறுவை. அதற்கு முந்தைய தோட்டப் படங்கள் துருச் சிவப்பு. எனக்கு நேர்மாறா?

ஜூன் 15
மதுரையை வரைந்த மனோகர் தேவதாஸ் ஞாபகம். பார்வை ஊசித் துளையாகச் சுருங்கிய பிறகும் வரைந்தார். ஆனால் அவருக்குக் கறுப்புக் கோடு இருந்தது. எனக்கு நிறம்தானே பிழைப்பு.

ஜூன் 17
ராத்திரி தண்ணீர் வந்துவிட்டதாம், பால்காரர் சொன்னார். தூசி, தொற்று என்று இவள் வாசலை மறித்து நிற்கிறாள். "அது என்ன நிறம்னு எனக்குத் தெரியும்டி" என்றேன். "தெரிஞ்சா எதுக்குப் போகணும்?"

ஜூன் 19
முடிந்தது. வலியில்லை. பசி.

ஜூன் 20
கட்டுப் பிரித்தார்கள். கொடியில் என் வேட்டி. இடது கண்ணை மூடினால் வெள்ளை. வலதை மூடினால் டீ வடிகட்டிய துணி. இருபது தடவையாவது மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன். "என்னங்க, எதிர்வீட்டைப் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டு!" என்று வந்து நின்றாள்.

ஜூன் 23
போன வருடப் படத்தைச் சுவரோரம் சாய்த்துப் பார்த்தேன். காவிரி இல்லை அது, வாளியில் கரைத்த சொட்டு நீலம். இதற்கு ஜோடிப் படத்தை ஒரு வங்கி மேலாளர் வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். "உங்க நீலம் யாருக்கும் வராது சார்" என்று பாராட்டு வேறு. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது?

ஜூன் 24
கூப்பிடவில்லை.

ஜூன் 26
இடது கண்ணுக்கு ஜூலை 10 என்கிறார்கள். வேண்டாம் என்று தோன்றுகிறது. இவளிடம் இன்னும் சொல்லவில்லை.