மாடு மேய்க்கும் ரோபோ

"அப்பா, ரோபோ ஏன் ரோபோ மாதிரி நடிக்குது?"

படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் மகள். கையில் பீட்டர் பிரவுனின் 'தி வைல்ட் ரோபோ எஸ்கேப்ஸ்'. 2024இல் வந்த 'தி வைல்ட் ரோபோ' படத்தின் தொடர்ச்சியாக இதுவும் படமாகப் போகிறது என்றதும் முந்திக்கொண்டு படிக்கிறாள்.

நல்ல கேள்விதான்.

முதல் கதையில் ராஸ் என்ற ரோபோ ஒரு தீவில் ஒதுங்கி, விலங்குகளின் மொழி கற்று, அநாதை வாத்துக்குஞ்சுக்குத் தாயாகிவிடும். இரண்டாவதில் மனிதர்களின் பண்ணையில் மாடு மேய்க்கிறது. மகனிடம் திரும்ப வேண்டும் என்ற தவிப்பு உள்ளே. வெளியே தெரிந்தால் பழுதான இயந்திரம் என்று கதையை முடித்துவிடுவார்கள். அதனால் எதுவும் உணராத சாதாரண ரோபோவாக நடிக்கிறது.

எழுத்தில் இது சுலபம். 'வாசகரே' என்று கதைசொல்லி நம்மைக் கூப்பிட்டு ரகசியத்தைச் சொல்லிவிடுவார்.

திரையில்?

முதல் படத்தில் இயக்குநர் கிறிஸ் சாண்டர்ஸ் பெரும்பாலும் குரலை நம்பினார். ராஸுக்குப் பேசிய நடிகை லுபிட்டா நியோங்கோவின் குரல் விறைப்பாகத் தொடங்கி, நமக்கே தெரியாமல் இளகிக்கொண்டே வரும். இப்போது அந்த இளகிய குரல் மறுபடி விறைப்பாக வேண்டும், ஆனால் நடிப்பு என்பது நமக்கு மட்டும் தெரிய வேண்டும். நடிகைக்குச் சரியான சோதனை.

தப்பித்து ஓடும் காட்சிகளை எப்படியும் பிரமாதமாக எடுத்துவிடுவார்கள், அதில் எனக்குக் கவலையே இல்லை. தொழுவத்தில் பசுக்களோடு பேசும் பகுதியை 'மெதுவாப் போகுது' என்று வெட்டாமல் இருந்தால் சரி.