நன்றி சொல்லும் வரியிலா, ஆசிரியர் பட்டியலிலா?

அமெச்சூர் வானியலாளர்களை விஞ்ஞானிகள் மதிக்கிறார்களா என்று எந்த நாட்டில் கேட்டாலும் "ஆகா, அவர்கள் பங்களிப்பு மகத்தானது" என்றுதான் பதில் வரும். மேடைப் பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. நம்பிக் கருவியைக் கொடுத்தார்களா, ஆய்வுக் கட்டுரையில் பெயரை எங்கே போட்டார்கள், இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

பிரிட்டிஷ் இந்தியாவில், ஜெசூர் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் ராதா கோவிந்த சந்திரா. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பிரகாசம் கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களை இரவிரவாகப் பார்த்துக் குறித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கிருந்து 1926இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று கடல் தாண்டி அவருக்கு வந்தது. இரவல்தான், ஆனால் முகம் பார்க்காத குமாஸ்தாவுக்கு! அவர் அனுப்பிய பதிவுகள் மொத்தம் 37,000க்கும் மேல்.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், பேராசிரியரான இஸ்ஸெய் யமமோட்டோவே 1920இல் அமெச்சூர்களுக்காகச் சங்கம் தொடங்கினார். தொழிற்சாலையில் வேலை பார்த்த காவோரு இகேயா 1963இல் தன் 19 வயதில், தானே செய்த தொலைநோக்கியில் வால்நட்சத்திரம் கண்டுபிடித்ததும் அதே நாட்டில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அர்ஜென்டினா கதை. ரொசாரியோ நகரில் பூட்டு வேலை செய்யும் விக்தோர் பூசோ, 2016 செப்டம்பரில் வீட்டு மாடியில் புதுக் கேமராவைச் சோதிக்க என்.ஜி.சி. 613 என்ற விண்மீன் மண்டலத்தை வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், முதல் படங்களில் இல்லாத ஒரு புள்ளி அடுத்தடுத்த படங்களில் மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. சூப்பர்நோவா, அதாவது ஒரு விண்மீன் வெடித்துச் சிதறுவதன் முதல் வெளிச்சம்! 2018இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த கட்டுரையில் வானியலாளர் மெலினா பெர்ஸ்டன் குழுவோடு பூசோவும் ஓர் ஆசிரியர்.

சரி, விஞ்ஞானிகள் சந்தேகப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். புதுப் புள்ளி என்று வருவது பல நேரம் குறுங்கோளாக இருக்கும், இல்லையென்றால் கேமராக் கோளாறு. அதைத் துருவித் துருவிக் கேட்பதுகூட ஒரு மரியாதைதான்.

எரிச்சல் வருவது வேறு இடத்தில். இந்த நட்சத்திரத்தை இந்த மாதம் முழுக்கப் பாருங்கள், தரவை இந்த வடிவத்தில் அனுப்புங்கள் என்று கேட்பார்கள், எதற்காகப் பார்க்கிறோம் என்று ஒரு வரி எழுதமாட்டார்கள். அப்புறம் கட்டுரையின் கடைசியில், "பார்வையாளர்கள் அனைவருக்கும் நன்றி."