வாரத்துக்கு ஒரு வேலை

ஜூன் 3, 2024

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதியது போதும் என்று அம்பாசமுத்திரத்துக்கே திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவின் ஹோட்டலில் எட்டு மேசை, காலையும் ராத்திரியும் டிபன், மத்தியானம் சாப்பாடு. மொத்தமாக இடித்துக் கட்டக் கையில் காசு இல்லை, அதனால் வாரத்துக்கு ஒரு வேலை. போர்டை மாற்று என்றான் தம்பி. நான் கை கழுவும் இடத்தில் ஆரம்பித்தேன். தொட்டியில் தண்ணீர் இறங்காமல் பருக்கை மிதக்கும், அதைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவனுக்குத் தொண்டையில் இட்லி எப்படி இறங்கும்? பிளம்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரு கறிவேப்பிலைக் கொத்து, கரைந்துபோன சோப்பு, எங்கள் கடை ஸ்பூன் ஒன்று. கூலியும் சாமானும் சேர்ந்து 1,850 ரூபாய்.

ஜூன் 4

தேர்தல் ரிசல்ட். ஊரே டிவி முன்னால். எங்கள் கடையில் டிவி இல்லை, வியாபாரமும் இல்லை.

ஜூன் 19

எண்ணெய்ச் சண்டை. சரக்கு மாஸ்டர் அண்ணாச்சி நான் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்தவர். நேற்றைய வடை எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி நிரவிவிடுவார். காய்ந்து காய்ந்து எண்ணெயில் சேரும் போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது, 2018லிருந்தே விதி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். "சதவீதத்த வச்சா வட சுட முடியும் தம்பி?" என்றார். அதுக்கு மேல் நான் என்ன பேச?

சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது, தப்பு அவர்மேல் இல்லை, சட்டிமேல். ஒரு வேளைக்கு அறுபது வடை போகிற கடையில் எட்டு லிட்டர் பிடிக்கிற சட்டி எதற்கு? நிறைய ஊற்றினால் நிறைய மிஞ்சத்தான் செய்யும், மிஞ்சினதைக் கொட்ட யாருக்குத்தான் மனசு வரும். மூன்று லிட்டர் சட்டி ஒன்று வாங்கி வைத்தேன். ராத்திரி மிஞ்சுவது ஒரு சொம்புதான். அதை அண்ணாச்சியே தனி டின்னில் ஊற்றிவிடுகிறார், பயோடீசலுக்கு வாங்குகிற ஆள் வந்து எடுத்துக்கொள்வார்.

ஜூலை 2

மேற்கே மலையில் சாரல். கடைக்குள் ஈரக்காற்று, மாவு பொங்கவில்லை, இட்லி வட்டுப்போல. இந்த மாதங்களில் சோடா உப்பு போடுவதுதான் கடை வழக்கமாம், எனக்கு இப்போதுதான் தெரியும். சோடா இட்லியைச் சூட்டோடு தின்றுவிட்டால் தெரியாது, பார்சலில் அரை மணி நேரம் போனால் வாடை காட்டிவிடும். ராத்திரி ஒன்பதுக்கு ஆட்டுவதை ஆறு மணிக்குக் கொண்டுவந்தோம், மாவுக் குண்டானை அடுப்புச் சுவரை ஒட்டி நகர்த்தினோம். அரிசியும் மாறியது. 'அம்பை 16' எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம், குண்டு அரிசி, இட்லிக்கென்றே பிறந்தது மாதிரி. நாங்களோ கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது என்று வேறு ஏதோ மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தோம், வெட்கக்கேடு. நாலு படிக்கு ஒரு படி உளுந்து, கொஞ்சம் வெந்தயம். காலையில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் மாவு விளிம்புக்கு வந்து, மேலே ஊசி ஊசியாகத் துளை.

ஜூலை 11

ராத்திரிச் சப்பாத்தி தினமும் மிஞ்சுகிறது என்று நிறுத்தினேன். சர்க்கரைக்காரர்கள் நாலு பேர், எல்லாரும் ரிட்டயர்டு வாத்தியார்கள், மூன்று நாளாக வரவில்லை. சப்பாத்தி மட்டுமா போனது, அவர்களோடு வருகிற நாலு காப்பியும் அரை மணி அரட்டையும் போனது. ஐந்து மணிக்குள் போனில் சொன்னால் போட்டு வைக்கிறோம் என்று ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 14

ஞாயிறு மத்தியானம் சொதி, எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. "மாப்பிள்ளைக்கு மறுவீட்டுக்கு வைக்கிறத கடையில விக்கவா?" என்று அப்பாவுக்குக் கோபம். முதல் நாளே திரிந்துபோனது. மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பாலில் பருப்பு சேர்ந்து கொதித்தபின், முதல் பாலை ஊற்றி நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் போனில். பன்னிரண்டு தேங்காய்! எலுமிச்சையை இறக்கினபிறகுதான் பிழிய வேண்டும் என்று அண்ணாச்சி இப்போது யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்கிறார்.

ஜூலை 28

இன்று திரியவில்லை. இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவலோடு முப்பது சாப்பாடும் ஒன்றரை மணிக்குள் தீர்ந்தது.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வேன்கள் விடியற்காலையிலிருந்து வாசலில். பத்து மணிக்கு மாவு காலி, பத்தரைக்கு ரவா உப்புமா, அதுவும் போனது. இந்தக் கூட்டத்தில் சொதி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ராத்திரி கல்லாவை எண்ணி முடித்த அப்பா, "சொதி இல்லியான்னு ஏழு பேர் கேட்டான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் தேங்கா ஒரு பத்து கூடுதலா வாங்கிப் போடு" என்றபடி செருப்பைத் தேடினார். தேங்காய் என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.