டர்போ போட்ட எம்எக்ஸ்-5 ரோட்டுக்கு: முதல்ல வயரிங், அப்புறம் தான் மேப்

மஸ்டாவோட குட்டி ரெண்டு சீட் காரான எம்எக்ஸ்-5, அதுல பழைய மாடல்ல டர்போ மாட்டினவங்ககிட்ட எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை ஹார்ஸ்பவர்னு தான். காலையில ரெண்டு டிகிரி குளிர்ல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுதான்னு யாரும் கேக்குறதில்ல, ஆனா ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு எனக்கு அந்தக் கேள்வி தான் பெருசா படுது. டைனோல (பவரை அளக்குற மெஷின்) வச்சு ஃபுல் த்ராட்டில் அழுத்தி நல்ல நம்பர் எடுக்குறது அவ்ளோ கஷ்டம் இல்ல. டிராஃபிக்ல செகண்ட் கியர்ல ஊர்ந்து போறப்ப உதறாம இருக்கணும், பெட்ரோல் போட்டுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணா ஆஃப் ஆகாம நிக்கணும், ராத்திரி ஹெட்லைட் தூக்குனா ஐடிலிங் விழக்கூடாது, இதெல்லாம் சேர்ந்தது தான் ரோடு டியூனிங். இதுல வர்ற பிரச்சனைல பாதி மேப்லயே (எவ்ளோ பெட்ரோல், எப்போ பொறின்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்ற அட்டவணை) இருக்காது, வயர்ல தான் இருக்கும். லேப்டாப்பைத் தொடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்கன்னு நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிட்டே இருக்கேன்.

நான் இருக்குறது இங்கிலாந்துல, லெஸ்டர் பக்கம். வண்டி 1990 மாடல், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, பாப்-அப் ஹெட்லைட் வச்சது. 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல மஸ்டா இதை முதல்ல காட்டினாங்க, அடுத்த வருஷம் இங்க விக்க ஆரம்பிச்சாங்க. பி6 இன்ஜின், 1.6 லிட்டர், ட்வின் கேம், 115 ஹார்ஸ்பவர் கிட்ட, வண்டி வெயிட்டு ஆயிரம் கிலோவுக்குக் கீழ. இந்த இன்ஜின் டர்போவைத் தாங்கும்கிறது புது விஷயம் இல்ல, அப்பவே பிராக்லில இருக்குற பிபிஆர் கம்பெனி மஸ்டா யூகேவோட சம்மதத்தோட 150 ஹார்ஸ்பவர் டர்போ கிட் போட்டு வித்தாங்க. என் கைக்கு வந்த வண்டில இருக்குறது அது இல்ல, முன்னாடி வச்சிருந்தவங்க தனியா மாட்டின சின்ன டர்போ, இன்டர்கூலர், அதுக்கு மேல ஒரிஜினல் ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏமாத்த, அதோட சிக்னலை நடுவுல மாத்துற ஒரு பிக்கிபேக் பெட்டி, ஸ்டியரிங் காலத்துக்குக் கீழ எப்பவோ போட்டு செத்துப்போன ஒரு அலாரத்தோட மிச்சம்.

அந்த அலாரம் வயரிங் பத்தி தனியாவே எழுதலாம். தொண்ணூறுகள்ல இங்க திருட்டு பயத்துல எல்லாரும் வெளி அலாரம் போட்டாங்க, பல வண்டில இக்னிஷன் வயரை வெட்டி, செல்ஃப் வயரை வெட்டி, ஃபியூயல் பம்ப் வயரையும் வெட்டி நடுவுல அதோட ரிலேவை விட்டிருப்பாங்க. எல்லா வயரும் கறுப்பு கலர், எது எங்க போகுதுன்னு தெரியாது. முப்பது வருஷம் கழிச்சு அந்த ரிலே காண்டாக்ட் கறுத்து, குண்டும் குழியுமான ரோட்டுல போறப்ப ஒரு செகண்ட் கரண்ட் போய்ட்டு வரும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், ஓட்டுறவர் மேப் சரியில்லன்னு நினைச்சு பெட்ரோலை ஏத்திக்கிட்டே இருப்பார். வயரிங் டயக்ராமை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி, மஸ்டா கலர் கோடு இல்லாத வயர் ஒவ்வொண்ணையும் கண்டுபிடிச்சு எடுத்துட்டு, வெட்டின ஒரிஜினல் வயரைத் திரும்ப சேர்க்குறது தான் நான் செஞ்ச முதல் வேலை.

சேர்க்குறது எப்படிங்கறதும் முக்கியம். வயரைக் கடிச்சுப் பிடிக்கிற நீலக்கலர் கிளிப் ஒண்ணு கடையில கிடைக்கும், அதை வண்டிக்குள்ள விடவே விடாதீங்க. சால்டர் பண்ணலாம்னு நிறைய பேர் சொல்லுவாங்க, வீட்டு ரேடியோவுக்கு ஓகே, ஆனா இன்ஜின் பக்கம் ஈயம் வயருக்குள்ள ஏறி அந்த இடம் கம்பி மாதிரி விறைச்சுக்கும், வைப்ரேஷன்ல ஈயம் முடியுற இடத்துல இழை இழையா உடையும். சரியான டையோட கிரிம்ப் அடிச்சு, உள்ள பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க் போட்டா போதும். வயர் தின்வால் வகை வாங்குங்க, சென்சருக்கு 0.5 ஸ்கொயர் எம்எம், 1 ஸ்கொயர் எம்எம் வயர் 16.5 ஆம்ப் வரைக்கும், 2 ஸ்கொயர் எம்எம் 25 ஆம்ப் வரைக்கும் தாங்கும். ஃபியூஸ் இருக்குறது வயரைக் காப்பாத்த, பம்பைக் காப்பாத்த இல்ல, அதனால வயர் அளவைப் பார்த்து ஃபியூஸ் போடணும், அதுவும் கரண்ட் எடுக்குற இடத்துக்குப் பக்கத்துலயே.

இப்போ எர்த். இந்த வண்டில பேட்டரி டிக்கில இருக்கு. நெகட்டிவ் அங்கேயே பாடில போல்ட் ஆகுது, இன்ஜினோ முன்னாடி ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. அப்போ இன்ஜின்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் ஸ்ட்ராப் தான் எல்லாத்துக்கும் உயிர். அது பச்சை பிடிச்சிருந்தா செல்ஃப் அடிக்கிற அத்தனை ஆம்ப் கரண்டும் கிடைச்ச வழியில எல்லாம் திரும்பப் போகப் பார்க்கும், சென்சர் எர்த் வழியாவும் சேர்த்து தான். கண்ணால பார்த்து நல்லா இருக்குன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல. மல்டிமீட்டர் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் ஹெட்லயும் வச்சு, லைட், ஃபேன் எல்லாம் ஓட விட்டுப் பாருங்க, 0.1 வோல்ட் தாண்டினா எனக்குப் பிடிக்காது. செல்ஃப் அடிக்கிறப்ப கொஞ்சம் கூடும், அது பரவாயில்ல.

ஏன் இவ்ளோ நுணுக்கமா பாக்கணும்னா, எக்ஸாஸ்ட்ல சென்சர் வச்சு காத்து-பெட்ரோல் விகிதத்தை (ஏஎஃப்ஆர்) அளக்குற வைட்பேண்ட் கண்ட்ரோலர் சிலது 0ல இருந்து 5 வோல்ட்டுக்குள்ள 10ல இருந்து 20 வரைக்கும் ஏஎஃப்ஆர் காட்டும். அதுல எர்த்ல 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தா ரீடிங் 0.2 தப்பு. அந்த சென்சரோட ஹீட்டரே ஒரு ஆம்ப்புக்கு மேல இழுக்கும், அதையும் சிக்னல் எர்த்தையும் ஒரே ஸ்க்ரூவுல கட்டினா தப்பான நம்பரைப் பார்த்து முழு மேப்பையும் தப்பா போடுவீங்க. சென்சர் எர்த் எல்லாம் ஈசியூவோட சென்சர் எர்த் பின்னுக்கே திரும்பணும். இன்ஜெக்டர், காயில் எர்த் ஹெட்ல ஒரே இடத்துல வரணும். ரெண்டையும் கலக்காதீங்க.

பிக்கிபேக்கைத் தூக்கிட்டு ஸ்பீடுயினோ போட்டேன், அர்டுயினோ மெகாவை அடிப்படையா வச்ச ஓப்பன் சோர்ஸ் ஈசியூ. டியூனர்ஸ்டுடியோங்கற லேப்டாப் சாஃப்ட்வேர்ல கனெக்ட் ஆகும். மெகாஸ்குவர்ட்னு இன்னொரு ஈசியூ போட்டாலும் சிந்தனை ஒண்ணு தான். 1.6 வண்டில இதுக்கு மாறுறப்ப ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, ஒரிஜினல் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்ள ஒரு மடல் இருக்கு, காத்து உள்ள போய் அது திறந்தா தான் உள்ள இருக்குற சுவிட்ச் ஃபியூயல் பம்ப் ரிலேவை ஓட விடும். மீட்டரைக் கழட்டிட்டா அந்த சுவிட்சும் போச்சு, செல்ஃப் அடிக்கிறப்ப மட்டும் பம்ப் ஓடும், சாவியை விட்டதும் நின்னுடும். வண்டி பிடிச்சு உடனே அணையுதுன்னு தவிக்கிறவங்க முக்கால்வாசி இங்க தான் மாட்டியிருப்பாங்க. பம்ப் ரிலேவோட எர்த் பக்கத்தை ஈசியூ கண்ட்ரோலுக்குக் கொடுத்துடணும், அப்போ இன்ஜின் சுத்தலன்னா பம்பும் நிக்கும், விபத்துல பெட்ரோல் பீச்சாம இருக்க அது ரொம்ப அவசியம். ரெண்டாவது, மேனுவல் கியர் 1.6ல த்ராட்டில் பொசிஷன் சென்சர்னு ஒண்ணு இருக்குமே ஒழிய அது வெறும் சுவிட்ச், ஐடில், ஃபுல் த்ராட்டில் ரெண்டு மட்டும் தான் சொல்லும். ஆக்சிலரேட்டர் எவ்ளோ வேகமா மிதிக்கிறீங்கன்னு ஈசியூவுக்குத் தெரியணும்னா வேரியபிள் சென்சர் மாட்டியே ஆகணும்.

வோல்டேஜ் விஷயம் இன்னும் முடியல. இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்குற நேரம்னு ஒண்ணு இருக்கு, டெட் டைம்னு சொல்லுவாங்க. என் இன்ஜெக்டருக்கு 14 வோல்ட்டுல ஒரு மில்லிசெகண்ட் பக்கம், 11 வோல்ட்டுல ஒன்றரையைத் தாண்டிடும். ஐடிலிங்ல மொத்த பல்ஸே ரெண்டு சொச்சம் மில்லிசெகண்ட் தான்னா யோசிச்சுப் பாருங்க, ஹெட்லைட் மோட்டார் தூக்குற அந்த ஒரு செகண்ட்ல வோல்டேஜ் விழுந்தா எவ்ளோ பெட்ரோல் குறையும். டெட் டைம் டேபிள் சரியா இல்லாம விஈ டேபிளை (உள்ள போற காத்தை வச்சு பெட்ரோலைக் கணக்கிடுற அட்டவணை) மட்டும் நோண்டிக்கிட்டு இருந்தா பகல்ல சரியா ஓடும், ராத்திரி மழையில வைப்பர், ஹீட்டர், லைட் எல்லாம் போட்டதும் உதறும். பம்புக்கும் அதே கதை, டிக்கி வரைக்கும் போற பழைய மெல்லிசான வயர்ல 1 வோல்ட்டுக்கு மேல தொலைஞ்சிருந்தது, புது ரிலே வச்சு பேட்டரில இருந்து 2 ஸ்கொயர் எம்எம் நேரா இழுத்ததும் பூஸ்ட்ல (டர்போ காத்தை அழுத்தித் தள்ளுறப்ப) பெட்ரோல் பத்தாம லீன் ஆகிட்டு இருந்தது ஒரு எழுத்து கூட மேப்பை மாத்தாம சரியாச்சு. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோஷம் டைனோ ஷீட் பார்த்தப்ப கூட வரல.

ஹெட்டுக்குப் பின்னாடி இருக்குற, இன்ஜின் எந்த நிலையில சுத்துதுன்னு சொல்ற கேம் ஆங்கிள் சென்சருக்கு ஷீல்டு கேபிள் போடுங்க, ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் கட்டினா அதுவே ஒரு கரண்ட் பாதை ஆயிடும். அப்புறம் டைமிங் லைட், பொறி எப்போ விழுதுன்னு ஃப்ளாஷ் அடிச்சுக் காட்டுறது. ஈசியூல டைமிங்கை 10 டிகிரில லாக் பண்ணிட்டு கிராங்க் புல்லில மார்க் பார்க்கணும், சாஃப்ட்வேர் 10னு காட்டுறதை நம்பி போகக்கூடாது. இது வேஸ்டட் ஸ்பார்க், ஒவ்வொரு சுத்துக்கும் பொறி வரும், அதனால டயல் இருக்குற சில டைமிங் லைட் ரெட்டிப்பா கணக்கு போட்டு குழப்பும், டயலை ஜீரோல வச்சு மார்க்கை நேரா பாருங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு தான் மேப்புக்கு வந்தேன். லேப்டாப் பக்கத்து சீட்ல இருக்குறவர் மடியில, ஓட்டுறவர் கண்ணு ரோட்டுல, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. என் கூட வந்த தம்பி "அண்ணா, ஒரே மாதிரி மிதிங்க, புள்ளி ஒரு கட்டத்துல நிக்கவே மாட்டேங்குது"ன்னு கத்திக்கிட்டே இருப்பான், அவன் சொன்னது தான் சரி, ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்ச நேரம் நின்னா தான் ரீடிங்கை நம்ப முடியும். இங்க 2021 செப்டம்பர்ல இருந்து சாதாரண 95 பெட்ரோல் ஈ10 (10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது) ஆயிடுச்சு. சுத்த பெட்ரோலுக்கு 14.7னா ஈ10க்கு 14.1 பக்கம் தான் சரியான கலவை, அதனால ஏஎஃப்ஆர் நம்பரை மறந்துட்டு லாம்டால (சரியான கலவையை 1னு வச்ச அளவு) யோசிங்க, எந்த பெட்ரோலா இருந்தாலும் 1 தான் 1. சீரா போறப்ப 1 பக்கம் வச்சிருக்கேன், பூஸ்ட்ல 0.80. நான் 99 ஆக்டேன் மட்டும் தான் போடுறேன், காரணம் கம்ப்ரஷன் 9.4, அதுக்கு மேல அரை பார் பூஸ்ட்.

நாக்கிங்கை, அதாவது கலவை நேரம் தவறித் தானா வெடிக்கிறதை, காதால கேக்கணும். சிலிண்டர் விட்டம் (போர்) 78 எம்எம்னா நாக் சத்தம் சுமார் 7.3 கிலோஹெர்ட்ஸ்ல வரும், பிளாக்ல ஒரு நாக் சென்சர் போல்ட் பண்ணி ஆம்ப்ளிஃபையர் வழியா பக்கத்து சீட்காரர் ஹெட்ஃபோன்ல கேட்டா சரளைக்கல்லை தகரத்துல போட்ட மாதிரி தெளிவா கேக்கும். ரோட்டு வண்டிக்கு நாக் வர்ற எல்லைக்கு ரெண்டு மூணு டிகிரி முன்னாடியே நிறுத்திடுவேன். அந்த ரெண்டு டிகிரில போற பவர் யாருக்கும் தெரியாது, பிஸ்டன் போனா தெரியும்.

பொறுமை வேணும்கிறது கோல்டு ஸ்டார்ட்டுக்குத் தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை தான் இன்ஜின் முழுசா குளிர்ந்திருக்கும், ஒரு நம்பரை மாத்தினா அது சரியான்னு தெரிய மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்கணும், பூஜ்ஜியத்துக்குக் கீழ வேணும்னா ஜனவரி வரணும். கிராங்க்கிங், பிடிச்ச உடனே சில செகண்டுக்கு, வார்ம்-அப், இந்த மூணும் தனித்தனி டேபிள், எதுல தடுமாறுதுன்னு லாக்கைப் பார்த்து ஒண்ணை மட்டும் மாத்துங்க. இதுக்கு நேர் எதிர், சூடா நின்ன வண்டி. பங்க்ல பத்து நிமிஷம் நின்னா பானட்டுக்குள்ள வெப்பம் ஏறி, காத்து வெப்ப சென்சர் 60 டிகிரின்னு சொல்லும், ஈசியூ காத்து லேசாயிடுச்சுன்னு நம்பி பெட்ரோலைக் குறைக்கும், உண்மையில உள்ள வர்ற காத்து அவ்ளோ சூடே இல்ல, வண்டி லீன் ஆகி ஐடிலிங்ல சாகும். சென்சரை இன்டர்கூலருக்கு அப்புறம், உலோகச் சூடு ஏறாத இடத்துக்கு மாத்தி, அதிக வெப்பத்துல கரெக்‌ஷனையும் கொஞ்சம் தளர்த்தின பிறகு தான் அது நின்னுச்சு.

எம்ஓடிக்கு (இங்க வருஷாவருஷம் பண்ற வண்டி டெஸ்ட்) 1986 ஆகஸ்ட்ல இருந்து 1992 ஜூலை வரைக்கும் பதிவான பெட்ரோல் வண்டின்னா ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1200 பிபிஎம் தான் எல்லை, ஐடில் ஒழுங்கா டியூன் ஆகியிருந்தா அதுல மூணுல ஒரு பங்கு கூட தொடாது. அந்த தேதிக்கு அப்புறம் வந்த வண்டிக்கு பொதுவா கேட்டலிஸ்ட் டெஸ்ட், ஃபாஸ்ட் ஐடிலிங்ல லாம்டா 0.97ல இருந்து 1.03க்குள்ள நிக்கணும், அதுக்கு க்ளோஸ்டு லூப் (சென்சரைப் பார்த்து ஈசியூ தானே பெட்ரோலைத் திருத்துறது) கண்டிப்பா வேலை செய்யணும். இன்சூரன்ஸ்ல டர்போ, ஈசியூ, பிரேக், ஒண்ணு விடாம சொல்லிடுங்க. பழைய அலாரத்தைப் பிடுங்கினா அதையும் சொல்லணும், பல பாலிசில இம்மொபிலைசர் இருக்குன்னு எழுதியிருக்கும்.

இப்போ பாக்கி இருக்குறது ரெண்டு தான். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிறப்ப ஐடிலிங் இன்னும் லேசா தொய்யுது, ஃபேன் ரிலேவை ஈசியூ கிட்ட கொடுத்துட்டா ஃபேன் ஓடுறதுக்கு முன்னாடியே ஐடில் வால்வைக் கொஞ்சம் திறக்க வைக்கலாம், வயர் ஏற்கனவே இழுத்து வச்சாச்சு, பின் அடிக்கணும். இன்னொண்ணு செகண்ட் கியர்ல ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மெதுவா மிதிக்கிறப்ப வர்ற சின்ன உதறல், அது ஓவர்ரன் ஃபியூயல் கட்ல (ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோலை நிறுத்துறது) இருந்து திரும்ப பெட்ரோல் வர்ற ஆர்பிஎம் சம்பந்தப்பட்டதுன்னு லாக் சொல்லுது, இந்த வாரக்கடைசில தம்பி வந்தா அதைப் பார்க்கணும்.