கால்கரிக் குழாய்த் தண்ணீரும் ஏழு வாக்கெடுப்புகளும்

கனடாவின் கால்கரி நகருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?" என்பதுதான். தாராளமாகக் குடிக்கலாம். இரண்டாவது கேள்வி கொஞ்சம் தாமதமாக, வாட்ஸ்அப் பார்வர்டுகளின் துணையோடு வரும்: "இதில் ஃப்ளோரைடு கலக்கிறார்களாமே?" கலக்கிறார்கள், பல் சொத்தையைக் குறைக்க. 2011-இல் நிறுத்தியதை 2025 ஜூன் 30 அன்று மறுபடி தொடங்கினார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இது தூக்கிவாரிப் போடும். அங்கே ஆழ்துளைக் கிணற்றில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறை ஏறி, எலும்பு வரை பாதித்த ஊர்கள் உண்டு. அதற்காகவே ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஊரில் கோடிகளைச் செலவழித்துத் தவிர்த்த பொருளை இங்கே கோடிகளைச் செலவழித்துச் சேர்க்கிறார்களே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இது அளவைப் பொறுத்த விஷயம். கனடாவில் உச்சவரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். கால்கரியின் இலக்கு 0.7. நகருக்குத் தண்ணீர் தரும் போ (Bow), எல்போ (Elbow) ஆறுகளில் இயற்கையாகவே 0.1 முதல் 0.4 வரை இருக்கிறது. ஆக, நகராட்சி சேர்ப்பது இடையில் உள்ள குறையை மட்டும்தான்.

இந்தக் குறையை நிரப்பலாமா வேண்டாமா என்று இந்த ஊர் மக்களிடம் ஏழு முறை கேட்டிருக்கிறார்கள். 1957, 1961, 1966, 1971 நான்கிலும் "வேண்டாம்". 1989-இல் "சரி" என்றார்கள். 1991-இல் கலக்கத் தொடங்கினார்கள். 1998-இல் மறுபடி கேட்டபோதும் "சரி". பிறகு 2011-இல் நகரசபை, மக்களைக் கேட்காமலே 10-க்கு 3 என்ற கணக்கில் நிறுத்திவிட்டது. கருவிகள் பழசாகி, புதுப்பிக்கப் பெரும் தொகை கேட்டதும் ஒரு காரணம். நிறுத்திய ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின், கால்கரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்தார்கள். கால்கரியில் 64.8 சதவீதப் பிள்ளைகளுக்குச் சொத்தை. 1967 முதல் ஃப்ளோரைடு கலக்கும், அதே மாகாணத்து எட்மன்டன் நகரில் 55.1 சதவீதம். ஏழாவது வாக்கெடுப்பு 2021 அக்டோபர் 18-இல் நடந்தது. ஏறத்தாழ 62 சதவீதம் பேர் ஆதரவு.

இந்த வாக்குச்சீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அதில் இருந்தது ஒரே கேள்வி: நகரக் குடிநீரில் ஃப்ளோரைடை மீண்டும் சேர்க்க ஆதரவா? ஆம், இல்லை. எவ்வளவு சேர்ப்பது, எந்த ரசாயனம், எவ்வளவு செலவு, எப்போது, எதுவும் இல்லை. முடிவும் நகரசபையைக் கட்டுப்படுத்தாது. அடுத்த மாதம் சபை 13-க்கு 2 என்று ஏற்றது. அதன்பின் வேலை முடிய மூன்றரை ஆண்டு ஓடிவிட்டது. செலவு 2 கோடியே 81 லட்சம் டாலர். ஆண்டுக்கு இயக்கச் செலவு சுமார் 10 லட்சம் டாலர். வாக்களித்தவர்களில் பலர் மறந்தே போயிருப்பார்கள்.

வாக்களிக்கும் தகுதி கனடியக் குடியுரிமை உள்ள, 18 வயது நிரம்பிய, இந்த நகரில் வசிப்பவர்களுக்கு மட்டும். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) அட்டை போதாது, வரி கட்டினாலும் வாக்கு இல்லை. பெயரும் இப்போதைய முகவரியும் உள்ள அடையாள ஆவணம் கையில் வேண்டும். வீடு மாறி, லைசென்ஸில் பழைய முகவரியோடு வருபவர்கள்தான் வாசலில் அல்லாடுவார்கள். 2021-இல் மேயர், நகரசபை உறுப்பினர், பள்ளி வாரியம் ஆகியவற்றோடு மாகாணக் கருத்தெடுப்புகளும் சேர்ந்து வந்தன. அவசரத்தில் ஏதோ ஒன்றைக் குறிக்காமல் முன்கூட்டியே கேள்விகளைப் படித்துக்கொண்டு போவது நல்லது. குடியுரிமை கிடைக்கும் வரை வாய் மூடியிருக்க வேண்டியதில்லை: நகரசபைக் குழுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஐந்து நிமிடம் பேசலாம், எழுதியும் அனுப்பலாம்.

பியர்ஸ்பா, கிளென்மோர் என்று இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள். சேர்ப்பது ஹைட்ரோஃப்ளூரோசிலிசிக் அமிலம் என்ற திரவம். நூற்றுக்கு 24 பங்கு அமிலம் உள்ள கரைசல் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஃப்ளோரைடை லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் கூட்ட சுமார் 2 கிராம் கரைசல் போதும். அளவு இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் பம்ப் துல்லியமாக இருக்கவேண்டும். செறிவான அமிலம் கண்ணாடியையே அரிக்கும். ஆகவே தனி அறை, தனி காற்றோட்டம். பெரிய தொட்டியிலிருந்து நேராகக் குழாயில் செலுத்தாமல், ஒரு நாளுக்கான அளவு மட்டும் பிடிக்கும் சிறு தொட்டி வழியாக விடுவது வழக்கம். பம்ப் பழுதாகி ஓடிக்கொண்டே இருந்தாலும் அதற்கு மேல் போகாது. இந்தக் காப்பு சும்மா இல்லை. 1992-இல் அலாஸ்காவின் ஹூப்பர் பேயில் கட்டுப்பாடு கெட்டு, தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை ஏறி, ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

"ஃப்ளோரைடு மூளையைப் பாதிக்கும்" என்று வரும் பார்வர்டுகளுக்கு அடியில் ஒரு உண்மையான அறிக்கை உண்டு. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரைக் குடிப்பதற்கும் குழந்தைகளின் நுண்ணறிவு குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக மிதமான நம்பிக்கையோடு சொன்னது. 0.7-ஐப் பற்றி முடிவு சொல்லத் தரவு போதவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. பார்வர்டில் இரண்டாவது வரி எப்போதும் காணாமல் போய்விடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பது நம் பழக்கம். அதனால் ஃப்ளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் சற்றுக் கூடவே செய்யும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பிரிட்டா வடிகட்டிக் கூஜாவும் பெரிதாகக் குறைக்காது. சவ்வு வழி வடிக்கும் ஆர்.ஓ. கருவிதான் பெரும்பகுதியை எடுக்கும். ஆர்.ஓ. போட்டிருந்தால் பிள்ளையின் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் குழாய்த் தண்ணீரைக் கணக்கில் வைத்தே பேசுவார். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஃப்ளோரைடு பற்பசை தேவை என்று அவர் சொன்னால் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வரை பச்சைப் பட்டாணியளவு. விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள். சாயத் தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. நாளுக்கு ஐந்து கடுந்தேநீர் குடிக்கும் தாத்தாவின் கணக்கில் அதுவும் சேரும்.

கால்கரியை அடுத்த ஏர்டிரி, செஸ்டர்மியர், ஸ்ட்ராத்மோர் ஊர்களில் வீடு வாங்க யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே வருவதும் கால்கரித் தண்ணீரே. கால்கரி வாக்கெடுப்பில் அவர்களுக்குச் சீட்டு இல்லை. ஃப்ளோரைடு மட்டும் குழாயில் வந்து சேரும். நகருக்கு வெளியே சொந்தக் கிணறு உள்ள மனையென்றால் கதை வேறு. அந்தத் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தால்தான் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சோதியுங்கள்.