அன்ரனி ஹொப்கின்ஸ்: வானொலியில் எனக்கு வாய்த்த இசை ஆசிரியர்

நம் கல்லூரியின் சங்கீத வகுப்பில் படித்தவர்களுக்கு, மோகனம் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் வேண்டுமென்றே அந்த இராகத்தில் இல்லாத மத்திமத்தை (ம) தொட்டு, இராகம் கலைந்துபோவதை எங்கள் காதாலேயே கேட்கச் செய்தது நினைவிருக்கும். எழுபதுகளில் மேற்படிப்புக்காக இலண்டன் வந்த எனக்கு, மேற்கத்திய இசையில் அதே வழியில் செவியைத் திறந்துவிட்டவர், பிபிசி வானொலியில் பேசிவந்த அன்ரனி ஹொப்கின்ஸ். அதே பெயருடைய திரைப்பட நடிகர் வேறொருவர். நான் சொல்பவர் இசையமைப்பாளர். நம் சங்க மலரின் குழுவினர் ஆசிரியர்களைப் பற்றி எழுதக் கேட்டபோது, நேரில் ஒருபோதும் சந்தித்திராத இவரே முதலில் நினைவுக்கு வந்தார்.

1921 மார்ச் 21 இல் இலண்டனில் பிறந்த ஹொப்கின்ஸ், சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பேர்க்காம்ஸ்ரெட் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வளர்ப்பு மகனானார். அந்தக் குடும்பப் பெயரே அவருக்கு நிலைத்தது. இலண்டன் றோயல் இசைக் கல்லூரியில் சிறில் சிமித்திடம் பியானோ பயின்றார். மோர்லி கல்லூரிப் பாடகர் குழுவில் சேர்ந்ததன் மூலம் இசையமைப்பாளர் மைக்கேல் ரிப்பெற்றின் நட்பைப் பெற்றார். ரிப்பெற் தமக்கு வந்த ஒரு நாடக இசைப் பணியை இந்த இளைஞரிடம் ஒப்படைக்க, அதிலிருந்து மேடைக்கும் வானொலிக்கும் திரைப்படத்துக்கும் எழுதும் வாய்ப்புகள் தொடர்ந்தன. 1945 இல் லோரன்ஸ் ஒலிவியர் நடித்த ஈடிப்பஸ் என்ற கிரேக்க நாடகத்துக்கு இசை அவருடையது. வானொலிப் படைப்புகளுக்கான இத்தாலியா பரிசு 1951 இலும் 1957 இலும் கிடைத்தது.

இவ்வளவு எழுதியவரை நாடு அறிந்தது என்னவோ பேச்சாளராகத்தான். 1954 இல் தொடங்கிய 'ரோக்கிங் எபவுட் மியூசிக்' (இசையைப் பற்றிய பேச்சு) என்ற வானொலி நிகழ்ச்சி 1992 வரை நீடித்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, பியானோவின் முன் அமர்ந்தபடியே அதைப் பிரித்துக் காட்டுவார். இசைத்தட்டின் பகுதிகளுக்கிடையே அவரது பியானோ ஒலிக்கும். சாதாரணமான ஒருவர் எழுதியிருந்தால் இந்த அடி இப்படித்தான் முடிந்திருக்கும் என்று முதலில் வாசிப்பார், குறைசொல்ல ஒன்றுமிராது. அடுத்து மேதை எழுதியதை வாசிப்பார். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நாமே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பழக்கத்தோடு பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியை நான் கேட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். ஈ பிளாட் மேஜர் என்ற சுருதியில் இரண்டு முழக்கங்கள்; உடனே செல்லோக்கள் (தாழ்ந்த குரலுடைய பெரிய வயலின் வகை) அந்தச் சுருதிக்குரிய சுரங்களிலேயே எளிமையாக நடந்து, ஏழாவது தாளக் கட்டத்தில், அந்தச் சுருதிக்குப் புறம்பான, சற்றும் எதிர்பாராத சி ஷார்ப் என்ற சுரத்தில் இறங்கி நிற்கின்றன. அதை நீக்கிவிட்டுப் பாடிப் பார்த்தால் மெட்டு அழகாகவே முடியும், ஆனால் அத்தோடு தீர்ந்தும் போகும். பல நிமிடங்கள் கழித்து முதல் மெட்டு திரும்பிவரும்போது, அதே சுரம் இம்முறை கீழ்நோக்கி நழுவி, எஃப் மேஜர் என்ற வேறு சுருதியில் ஹோர்ன் என்ற ஊதுகருவி தனித்துப் பாட வழிவிடுகிறது. தொடக்கத்தில் இடறலாகத் தோன்றியது, பீத்தோவன் முன்கூட்டியே வைத்த படிக்கல் என்பது அப்போதுதான் விளங்கியது.

வெறும் விமர்சகரால் இப்படிக் கேட்கக் கற்பிக்க முடிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். வெற்றுத் தாளின் முன் அமர்ந்து, அடுத்த சுரம் எது என்று தாமே தெரிவுசெய்து பழகியவர் என்பதால்தான், மற்றவர்களின் தெரிவுகள் அவருக்கு அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தன. ஆகவே, பேச்சுக்காக 1976 இல் கிடைத்த சீ.பி.ஈ. என்ற பிரித்தானிய அரச விருதையும் புகழையும் மட்டும் குறிப்பிட்டு, அவருடைய இசையை ஒதுக்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2014 மே 6 இல், தமது 93 ஆவது வயதில் அவர் காலமானார். அவர் எழுதிய சிற்றிசை நாடகங்களுள், மைக்கேல் ஃபிளாண்டர்ஸ் எழுதிய நாடக வரிகளோடு 1953 இல் வந்த 'த்ரீஸ் கம்பனி'க்கு மூன்று பாடகர்களும் ஒரு பியானோவும் போதும். இங்கே பியானோவும் வாய்ப்பாட்டும் பயிலும் நம் சங்கப் பிள்ளைகளுக்கு எட்டாத காரியமன்று. கலைவிழாப் பொறுப்பாளர்கள் கவனத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.